கார்வியும் குறிஞ்சியும் ஒரே பேரினமா? கையேட்டுக்கு எந்தப் பெயர்?

மும்பையைச் சுற்றியுள்ள மலைச் செடிகளுக்குத் தமிழில் ஒரு சிறு கையேடு தயாரிக்கும் வேலையில் எங்கள் மாட்டுங்கா நண்பர் குழு இறங்கியிருக்கிறது. சயன், தாராவி, செம்பூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்கோ லோனாவாலாவுக்கோ போகும்போது கையில் வைத்துக்கொள்ள ஒன்று வேண்டும் என்பதுதான் நோக்கம். மற்ற செடிகளின் பெயர்களில் பெரிய சிக்கல் எழவில்லை. எட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் கார்வி என்ற புதரும் அதன் உறவுச் செடிகளும் வந்தபோதுதான் பேச்சு நீண்டது.

ஒரு நூல் இதைக் கார்வியா கலோசா என்கிறது. இன்னொன்று ஸ்ட்ரோபிலாந்தஸ் கலோசா என்கிறது. எதை அச்சடித்தால் என்ன என்று தோன்றலாம். ஆனால் தாவரவியல் பெயரின் முதற்சொல், நெருங்கிய உறவுச் செடிகளின் கூட்டமான பேரினத்தைக் குறிப்பது; அது உறவைச் சொல்லும் சொல். இரண்டாவது பெயரை எடுத்தால், மூணாறிலும் கொடைக்கானலிலும் நீலமாய்ப் பூக்கும் நம் குறிஞ்சியும் மும்பைக் கார்வியும் ஒரே பேரினத்தின் பிள்ளைகள். முதல் பெயரை எடுத்தால், கார்வி தன் பேரினத்தில் தன்னந்தனியாக நிற்கும். குறிஞ்சி ஃபிலெபோஃபில்லம் என்ற வேறொரு பேரினத்துக்குப் போய்விடும். மும்பையில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்க் குழந்தையிடம் ‘இதுவும் குறிஞ்சிதான்’ என்று சொல்லலாமா, கூடாதா என்பது இதைப் பொறுத்தது. அதனால் பல பேரினங்களாகப் பிரிப்பது, எல்லாவற்றையும் ஒன்றாக்குவது, நடுவழி என்று மூன்று வழிகளையும் எடுத்துவைத்துப் பார்த்தேன்.

முதலில் செடியைப் பற்றி. கனகாம்பரம், ஆடாதோடை, நிலவேம்பு ஆகியவை அடங்கிய அகாந்தேசி குடும்பத்தைச் சேர்ந்தது இந்தக் கூட்டம். இந்தியா, இலங்கை தொடங்கி ஜப்பான், இந்தோனேசியா வரை வெப்பமண்டல ஆசியா முழுவதும் பரவியிருக்கிறது. 400-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. பல ஆண்டுகள் பூக்காமல் வளர்ந்து, ஒரே பருவத்தில் மலை முழுவதும் பூத்து, விதை கொடுத்துவிட்டு மடியும் பழக்கம் இவற்றில் பலவற்றுக்கு இருக்கிறது. குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு: 1994, 2006, 2018. கார்விக்கு எட்டு ஆண்டு: 2008, 2016, 2024. சாத்தாரா மாவட்டத்துக் காஸ் பீடபூமியில் குட்டையாகத் திரண்டு வளரும் டோப்ளி கார்விக்கு ஏழு ஆண்டு. கூட்டத்தோடு சேராமல் இடையில் பூக்கும் செடிகளும் எப்போதும் கொஞ்சம் இருக்கும்.

பூக்கும் கால இடைவெளியை வைத்தே பிரித்துவிடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். ‘பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதுதான் குறிஞ்சி’ என்று நம்மில் பலரும் கேட்டு வளர்ந்தவர்கள், எனவே கேள்வி இயல்பானது. ஆனால் அது உறவைக் காட்டும் அடையாளம் ஆகாது. இதே கூட்டத்தில் ஆண்டுதோறும் பூக்கும் செடிகளும் இருக்கின்றன. நெருங்கிய உறவுடைய செடிகளே வேறுவேறு கணக்கில் பூக்கின்றன. இந்த வழியை அங்கேயே விட்டுவிட்டோம்.

பெயர்க் குழப்பத்தின் வரலாறு நீண்டது. 1826-இல் ஜாவாத் தாவரங்களை ஆராய்ந்த புளூமே, ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தை நிறுவினார். 1832-இல் நீஸ் ஃபான் எசன்பெக் என்ற ஜெர்மானியர் இந்தியச் செடிகளை ஆராய்ந்து, அவற்றைப் பல பேரினங்களாகப் பிரித்தார். நம் குறிஞ்சிக்கு ஃபிலெபோஃபில்லம் குந்தியானம் என்ற பெயரை இட்டவர் அவரே. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் தாமஸ் ஆண்டர்சனும் அவருக்குப் பின் கிளார்க்கும் அவற்றில் பலவற்றை மறுபடி ஸ்ட்ரோபிலாந்தஸுக்குள் கொண்டுவந்தார்கள். பம்பாய் மாகாணத் தாவரநூலை எழுதிய குக்கும் சென்னை மாகாணத் தாவரநூலை எழுதிய கேம்பிளும் அதையே ஏற்றார்கள். ஆக, இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் கார்வியும் குறிஞ்சியும் இரு மாகாணத்து நூல்களிலும் ஒரே பேரினத்தில்தான் இருந்தன.

1944-இல் பிரெமெகாம்ப் வந்தார்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் வழி முழுக்க இவருடையது. நெதர்லாந்துக்காரர். பாவட்டைப் பேரினத்துக்கு 1934-இலேயே விரிவான ஆய்வுநூல் எழுதியவர். பத்தாண்டு கழித்து ஸ்ட்ரோபிலாந்தஸ் கூட்டத்தை எடுத்துக்கொண்டு, முந்நூறு பக்கங்களைத் தாண்டும் ஆய்வில் அதை 54 பேரினங்களாகப் பிரித்தார். கார்வியா, நீல்கிரியாந்தஸ், பிளியோகாலஸ், தெலெபேபேல் எல்லாம் அவர் உண்டாக்கியவை. நீஸின் ஃபிலெபோஃபில்லத்தையும் மீட்டெடுத்தார்.

எதைப் பார்த்துப் பிரித்தார்? முக்கியமாக மகரந்தத் தூளை. இந்தக் கூட்டத்துக்குள் தூளின் வடிவம் வியப்பூட்டும் அளவுக்கு மாறுகிறது. சிலவற்றில் உருண்டையாக, மேலெல்லாம் முள் முளைத்திருக்கும். சிலவற்றில் நீள்வட்டமாக, நெடுக்கு வரிகளோடு இருக்கும். ஒளி நுண்ணோக்கியை மட்டும் வைத்துக்கொண்டு, ஹெர்பேரியம் என்ற உலர்தாவரச் சேமிப்பகத்தின் காய்ந்த பூக்களிலிருந்து இத்தனை வேறுபாட்டைக் கண்டறிந்தது பெரிய உழைப்பு. மகரந்தத்தாள் சிலவற்றில் நான்கு, சிலவற்றில் இரண்டு என்பதையும், பூங்கொத்தின் அமைப்பையும், விதையின் மயிரையும் கணக்கில் எடுத்தார். அவருக்கு முன்னால் யாரும் இந்தக் கூட்டத்தை இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கவில்லை. பின்னால் வந்து அவரோடு முரண்பட்டவர்களும் அவருடைய கவனிப்புகளின் மேல் நின்றுதான் பேசினார்கள்.

எங்கள் குழுவில் பல ஆண்டுகள் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் பிரெமெகாம்ப் பக்கம் உறுதியாக நிற்கிறார். “ஆள் உயரத்துக்கு மேல் வளரும் கார்வி, முழங்கால் உயரத்தில் நிற்கும் குறிஞ்சி, புல்வெளியில் திரண்டு கிடக்கும் டோப்ளி. கண்ணுக்கு முன்னால் வேறுவேறாக நிற்கிறவற்றை ஒரே பெயரில் எப்படித் தம்பி அடைப்பது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது சிறிய பேரினம் வசதியானது; அடையாளங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மகாராஷ்டிரத்தில் கார்வியா என்ற பெயர் ஊன்றிவிட்டது என்பதும் அவர் பக்கத்து வாதம். இங்கே வார்லி, தாக்கர் மக்கள் கார்வித் தண்டுகளை நெருக்கமாகக் கட்டி, மண்ணும் சாணமும் பூசி வீட்டுச் சுவர் எழுப்புகிறார்கள். ஊரோடும் வீட்டோடும் இப்படி ஒட்டிய பெயர் அறிவியல் பெயரிலும் ஒலிப்பதில் ஓர் அழகு இருக்கிறது. எனக்கும் அது பிடிக்கும்.

ஆனால் அந்த 54-ஐ விரித்துப் பார்த்தால் சிக்கல் தெரிகிறது. அவற்றில் ஒரே ஒரு சிற்றினத்தை மட்டும் கொண்டவை ஏராளம். கார்வியாவும் அப்படித்தான். ஒரு செடிக்கு ஒரு பேரினம் என்றால், பேரினப் பெயர் உறவைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. சிற்றினப் பெயர் சொல்லிவிட்டதையே இன்னொரு தடவை சொல்கிறது. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு ரேஷன் கார்டு கொடுத்துவிட்டால் யார் யாருக்கு என்ன உறவு என்று அந்தக் கார்டுகளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. மகரந்தத்தை வைத்துக் கோடு போட்டால் ஒரு பிரிவு வருகிறது. மகரந்தத்தாள் எண்ணிக்கையை வைத்துப் போட்டால் வேறொரு பிரிவு. விதையை வைத்தால் மூன்றாவது. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை. எந்த அடையாளத்துக்கு முதலிடம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பேரினமே மாறிவிடும் என்றால், அந்த எல்லை செடியில் இருக்கிறதா, வரைந்தவரின் விருப்பத்தில் இருக்கிறதா?

ஒற்றுமை எங்கே இருக்கிறது என்று தேடினால் பூவுக்குள்ளேயே இருக்கிறது. 2024 செப்டம்பரில் கானேரிக் குகைப் பக்கத்துப் பாதையில், உதிர்ந்து கிடந்த ஒரு கார்விப் பூவை எடுத்து நகத்தால் நெடுக்காகக் கிழித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தேன். வெளியே ஊதா கலந்த நீலம். உள்ளே குழலின் அடிப்பக்கம் வெளுத்திருந்தது. குழலின் உட்சுவரில் இரண்டு வரிசையாக மயிர். அந்த இரு வரிசைக்கும் நடுவே சூல்தண்டு சுவரோடு ஒட்டிப் பிடித்துவைக்கப்பட்டிருந்தது. அது தானாகச் சாய்ந்து கிடக்கவில்லை; இரு பக்க மயிரும் அதைத் தாங்கி நிறுத்துகிறது. ஊசி முனையால் மெல்ல நெம்பினால்தான் வெளியே வந்தது. மகரந்தக் கம்பிகளின் அடிப்பகுதி ஒன்றாக இணைந்து குழலுக்குள் ஒரு தடுப்புப் போல இறங்குகிறது. தேனுக்கு வரும் தேனீ இந்த ஏற்பாட்டைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஜாவாச் செடியிலும் இலங்கைச் செடியிலும் பழனி மலைக் குறிஞ்சியிலும் சூல்தண்டைப் பிடித்து நிறுத்தும் இந்த மயிர் வரிசையைக் காணலாம். 54 பேரினங்களையும் கட்டி நிறுத்தும் அடையாளம் இது. அவற்றைப் பிரிக்கும் அடையாளங்களில் எதுவும் இதன் உறுதிக்கு அருகில் வருவதில்லை.

இரண்டாவது வழி இங்கிருந்துதான் புறப்படுகிறது: எல்லாவற்றையும் ஒரே ஸ்ட்ரோபிலாந்தஸ் ஆக்கிவிடுவது. 1990-களில் ஜான் வுட் பூட்டான், இலங்கைத் தாவரநூல்களுக்காக இந்தக் கூட்டத்தை ஆராய்ந்தபோது விரிந்த பேரினத்தையே கைக்கொண்டார். 2002-இல் மார்க் கரைனும் ராபர்ட் ஸ்காட்லாந்தும் டாக்ஸான் ஆய்விதழில் இதை வெளிப்படையாகவே வாதிட்டார்கள்: உட்பிரிவுகளுக்கு உறுதியான எல்லை கிடைக்காதபோது, உறுதியாக எல்லை காட்டக்கூடிய பெரிய கூட்டத்துக்கே பேரினம் என்ற தகுதியைக் கொடுப்போம். 2004-இல் மொய்லான் உள்ளிட்டோர் வெளியிட்ட டி.என்.ஏ. ஆய்வும் முழுக் கூட்டம் ஒரே மூதாதையின் வழிவந்தது என்பதற்கே வலுச் சேர்த்தது. தனிப் பேரினமாக இருந்த ஹெமிகிராஃபிஸும் உள்ளே வந்துவிட்டது. நம் வீட்டுத் தொட்டிகளில் செவ்வூதா இலைக்காக வளர்க்கும் படர்செடி அதுதான். இன்றைக்கு அதன் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் ஆல்டர்னேட்டா. இந்தியத் தாவர ஆய்வு நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வேணுவின் தீபகற்ப இந்திய ஆய்வும் ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற தலைப்பிலேயே வந்தது.

இதன் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 400-க்கும் மேற்பட்ட சிற்றினங்களை ஒரே பெயருக்குள் வைத்தால், பெயரைக் கேட்டதும் மனதில் ஓர் உருவம் எழுவதில்லை. படர்செடியும் அதுதான், மலைச்சரிவை மூடும் புதரும் அதுதான். பிரெமெகாம்ப் கண்டறிந்த நுணுக்கங்கள் பெயரிலிருந்து மறைந்துவிடுகின்றன. ஐயாவின் மனக்குறை இதுதான்; அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வழி நடுவழி. 54 வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தெளிவாகத் தெரியும் ஏழெட்டுக் கூட்டங்களை மட்டும் தனிப் பேரினமாக வைத்துக்கொள்வோம் என்பது. கேட்க இதமாக இருக்கிறது. குழுவில் பெரும்பாலோர் முதலில் இதற்குத்தான் கை தூக்கினார்கள். ஆனால் மூன்றில் மிகப் பலவீனமானது இதுதான் என்பது என் முடிவு. ஒரு பேரினம் என்றால் ஒரு மூதாதையும் அதன் வழிவந்த அனைத்தும் அதற்குள் இருக்க வேண்டும் என்பது இன்றைய வகைப்பாட்டின் அடிப்படை. நடுவிலிருந்து ஒரு கிளையை மட்டும் வெட்டித் தனிப்பெயர் கொடுத்தால், மிச்சம் இருப்பது மூளிக் கூட்டமாகிவிடும். அதைச் சரிசெய்ய இன்னொன்றை வெட்ட வேண்டும், பிறகு இன்னொன்று. கடைசியில் பிரெமெகாம்ப் நின்ற இடத்துக்கே போய்ச் சேருவோம்.

வெட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆவாரையைப் பாருங்கள். அது முன்பு கேசியா பேரினத்தில் இருந்தது. 1982-இல் இர்வினும் பார்னபியும் கேசியாவைக் கேசியா, சென்னா, கமேகிரிஸ்டா என்று மூன்றாகப் பிரித்தார்கள். கொன்றை கேசியாவில் நின்றது, ஆவாரை சென்னாவுக்குப் போனது. அந்தப் பிரிவு நிலைத்தது. கொன்றைப் பூவில் மூன்று மகரந்தத்தாள்கள் மட்டும் நீண்டு வளைந்திருப்பதைக் குழந்தைகூடக் காட்டிவிடும். ஆவாரையில் அது இல்லை. பின்னால் வந்த டி.என்.ஏ. ஆய்வுகளும் அந்தப் பிரிவுகளை ஆதரித்தன. ஸ்ட்ரோபிலாந்தஸில் அப்படிப்பட்ட கோடு இன்னும் கிடைக்கவில்லை.

எதிர்த்திசையில் ஆடாதோடை. லின்னேயஸ் 1753-இல் இட்ட பெயர் ஜஸ்டிசியா ஆடாதோடா. நீஸ் அதை அடாதோடா என்ற தனிப் பேரினத்தில் வைத்து அடாதோடா வாசிகா என்றார். இன்று ஆய்வாளர்கள் ஜஸ்டிசியாவுக்கே திரும்பிவிட்டார்கள், ஆனால் மருந்துப் புட்டிகளிலும் மூலிகைப் பட்டியல்களிலும் அடாதோடா வாசிகா இன்றும் அச்சாகிறது. பெயரை மாற்றினாலும் பழைய பெயர் தலைமுறைக் கணக்கில் உயிரோடிருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கேரளத்தில் சகசராதித் தைலத்துக்குப் பயன்படும் கரிங்குறிஞ்சியும் அதே நிலையில்தான் இருக்கிறது. மூலிகை ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் அது நீல்கிரியாந்தஸ் சிலியேட்டஸ்; வகைப்பாட்டு நூல்களில் ஸ்ட்ரோபிலாந்தஸ் சிலியேட்டா. ஒரு பெயரை மட்டும் தெரிந்துகொண்டு தேடுகிறவருக்குப் பாதி அறிவு கண்ணில் படாமலே போய்விடும்.

பேரினத்தை உடைப்பதில் இன்னொரு விதியையும் மறக்கக்கூடாது. உடைத்தால், பழைய பெயர் எந்தத் துண்டுக்குப் போகும் என்பதைப் பெயர்ச்சான்றுச் சிற்றினம், அதாவது அந்தப் பேரினப் பெயருக்கு நிலையான சான்றாக வைத்த சிற்றினம், தீர்மானிக்கிறது. ஸ்ட்ரோபிலாந்தஸுக்கு அது ஜாவாவின் ஸ்ட்ரோபிலாந்தஸ் செர்னுவா. அதனால் நுணுக்கமாகப் பிரிக்கும் எந்தத் திட்டத்திலும் ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற பெயர் ஜாவாவோடு நின்றுவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் செடிகள் எல்லாம் புதுப் பெயர் தேட வேண்டும். நூற்றாண்டுக்கு மேலாக நம் தாவரநூல்கள் வழங்கிவந்த பெயரை, உறுதியான காரணம் இல்லாமல் கைவிட நான் தயாராக இல்லை.

ஆகவே கையேட்டுக்கு விரிந்த ஸ்ட்ரோபிலாந்தஸையே பரிந்துரைத்தேன். குழுவும் ஏற்றுக்கொண்டது, ஐயா ஒரு நிபந்தனையோடு ஏற்றார். பிரெமெகாம்பின் பெயர்களைத் தூக்கி எறியக்கூடாது, ஒவ்வொரு செடிக்கும் கீழே அவை இருக்க வேண்டும் என்றார். அது நிபந்தனையே அல்ல, நானே கேட்க நினைத்தது. விரிந்த பேரினத்தை ஏற்ற ஆய்வாளர்களும் அதைத்தான் செய்கிறார்கள்: கரைனும் உடன் ஆய்வாளர்களும் 2004-இல் ஃபிலெபோஃபில்லத்தின் செடிகளைத் திருத்தி எழுதியபோது அவற்றுக்குக் குந்தியானா கூட்டம் என்று பெயர் வைத்தார்கள். பேரினத் தகுதி இல்லை, ஆனால் பிரெமெகாம்ப் கண்ட ஒற்றுமை அந்தப் பெயரில் இருக்கிறது. இந்த ஏற்பாடு எனக்கு முழு நிறைவு தருகிறது. தெரிந்ததைச் சொல்கிறது, தெரியாத எல்லையை வரைவதில்லை.

பக்கம் இப்படி அமையும். மேலே பெரிய எழுத்தில் கார்வி. மராத்திக்காரர்கள் வழங்கும் பெயரே இங்கே தலைப்பெயர். ‘மும்பைக் குறிஞ்சி’ என்று புதிதாக ஒரு பெயர் கட்டலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. இந்த மலையில் வாழ்கிறவர்களின் பெயர் நம் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும். அடுத்த வரியில் ஸ்ட்ரோபிலாந்தஸ் கலோசா. அதன் கீழே சிறிய எழுத்தில், பழைய நூல்களில் கார்வியா கலோசா, ஸ்ட்ரோபிலாந்தஸ் கலோசஸ் என்றும் காணலாம் என்ற குறிப்பு. இந்தக் கடைசி வடிவம் பிழையல்ல: ‘ஆந்தஸ்’ (-anthes) என்று முடியும் இத்தகைய பேரினப் பெயர்களைப் பெண்பாலாகக் கொள்ள வேண்டும் என்று தாவரப் பெயரிடல் விதிகள் பின்னர் வகுத்ததால், கலோசஸ் கலோசா ஆயிற்று, குந்தியானஸ் குந்தியானா ஆயிற்று. பழைய நூலையும் புதிய நூலையும் ஒப்பிடும் மாணவர் தடுமாறக்கூடாது என்பதற்காக இது. பிறகு ஒரே ஒரு வாக்கியம்: கொடைக்கானல் நீலக்குறிஞ்சியும் இதே பேரினம்.

டோப்ளி கார்விக்கும் இதே முறைதான்: ஸ்ட்ரோபிலாந்தஸ் செசிலிஸ் என்று எழுதி, கீழே பிளியோகாலஸைக் குறிப்போம். கார்விப் பக்கத்தில் மட்டும் இடம் கூடுதலாக வேண்டும். காயைப் பற்றி எழுத வேண்டும். பூத்ததற்கு அடுத்த ஆண்டு முதல் மழை விழும்போது காய்ந்த காய்கள் படபடவென்று வெடித்து விதையைத் தெறிக்க விடும். ஜூன் மாதம் அந்தச் சத்தத்தைக் கேட்கப் பிள்ளைகளை அழைத்துப் போகும்படி பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும்.

என் முடிவு மாறக்கூடியதா என்றால், மாறக்கூடியதுதான். பெரும்பாலான சிற்றினங்களையும் உட்படுத்திய ஒரு டி.என்.ஏ. மரம் வந்து, அதன் கிளைகள் ஒவ்வொன்றுக்கும் கைலென்ஸில் காட்டக்கூடிய ஓர் அடையாளம் கிடைத்தால், ஆவாரைக்கு நடந்தது இங்கேயும் நடக்கலாம். அப்போது இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் இடம் மாறும். முதல் வரி அப்படியே இருக்கும். 2030-இல் குறிஞ்சி பூக்க வேண்டிய பருவம் வருவதால், இரண்டாம் பதிப்பை அதற்கு முன் கொண்டுவர எண்ணியிருக்கிறோம். அதில் குந்தியானா கூட்டத்துக்குத் தனிப் பகுதி இருக்கும். அதை எழுதிக்கொடுக்க, பழனி மலைச் செடிகளை நேரில் பார்த்துப் பழகிய ஒருவரை இப்போதே தேடிக்கொண்டிருக்கிறோம்.